எலிவேஷனும் முற்றமும்

பின்நவீனத்துவக் கட்டடக்கலையின் தொடக்கம் என்று பெரும்பாலும் காட்டப்படுவது, ராபர்ட் வென்சுரி தன் அம்மா வன்னாவுக்காக பிலடெல்பியாவில் 1964-ல் கட்டி முடித்த வீடு. தட்டைக் கூரைதான் நவீனம் என்றிருந்த காலத்தில், சின்னப் பிள்ளை வரைகிற வீடு மாதிரி முக்கோண முகப்பு வைத்தார். அதையும் நட்டநடுவில் பிளந்துவிட்டார். வாசலுக்கு மேல் எதையும் தாங்காத, சும்மா ஒட்டிய வளைவு. மாடியில் எங்கேயும் போய்ச் சேராத படிக்கட்டு. கிண்டல்தான், ஆனால் பிரியமான கிண்டல்.

எனக்கென்னவோ அதற்கு 2 வருடம் முன்பு கொழும்பில் முடிந்த வீடுதான் பெரிய விஷயம். துணி ஓவியர் ஏனா டி சில்வாவுக்காக ஜெஃப்ரி பாவா கட்டியது. அவருக்குப் பழைய வளவு வீட்டின் அம்சங்களும் வேண்டும், இந்தக் காலத்துக்குத் தோதாகவும் இருக்க வேண்டும். இடமோ நகரத்துக்குள் ஒரு சின்ன மனை. வெள்ளைக்காரன் பங்களா தோட்டத்துக்கு நடுவில் நிற்கும். பாவா தோட்டத்தை வீட்டுக்கு நடுவில் வைத்தார். தெருவுக்கு மதில், உள்ளே முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளும், மேலே ஓடு. பின்னாளில் மனை கைமாறியபோது வீட்டைப் பிரித்துக் கொண்டுபோய் பாவாவின் லுணுகங்கா தோட்டத்தில் திரும்பக் கட்டினார்கள்.

வென்சுரி பழசிலிருந்து அடையாளத்தை எடுத்தார். பாவா வேலை செய்கிற பாகத்தை எடுத்தார்.

இது எனக்கு உறைத்தது சித்தையன்கோட்டையில் எங்கள் ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புதுசு கட்டும்போது. எங்கள் தெருவில் புது வீடுகளுக்கெல்லாம் தூண், வளைவு, கிரீடம். 'எலிவேஷன்' என்பார்கள். எது தாங்குகிற தூண், எது ஒட்டிய தூண் என்று தட்டிப் பார்த்தால்தான் தெரியும். வென்சுரியாவது தன் வளைவு பொய் என்று காட்டிக்கொண்டார்.

அம்மா கேட்டது முற்றம் மட்டும்தான். "வத்தல் காயப்போட நான் மொட்டமாடிக்கா ஏறணும்? முட்டி தாங்குமாடா?"

"எட்டுக்கு எட்டு வேஸ்ட்டுண்ணே" என்றான் தம்பி. "சாரல் அடிக்கும், கொசு வரும், திருடன் எறங்குவான்." எல்லாமே நியாயம்தான். ஆனால் வன்னா கார் ஓட்டாதவர் என்பதால் அந்த வீட்டில் கார் ஷெட்டே கிடையாது. அவர் படுக்கையறை கீழ்த்தளத்தில். இருக்கப்போகிறவர் யார் என்று பார்த்துப் போட்ட பிளான்.

சென்ட்ரிங் அடிக்கும் முன்னால் கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன்: நடுவில் எட்டுக்கு எட்டு திறந்திருக்கட்டும், மேலே கம்பிக் கிராதி. தம்பிக்கு ஒரு ரூம் சின்னதாகிவிட்டது. பத்து நாளாக அளந்துதான் பேசுகிறான். எலிவேஷனுக்கு ரெண்டு தூண் கேட்டிருக்கிறான். போட்டுக்கட்டும்.