மூன்று பிளக்குகள்

எங்கள் ஊரில் இரும்புக்கு ஆயுள் குறைவு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி தூத்துக்குடியைச் சுற்றியுள்ள அளங்களில்தான் விளைகிறது. கிழக்கே கடல். இந்த இரண்டையும் தொட்டுவரும் காற்று சன்னல் கம்பியையும் கதவுக் கீலையும் மிதிவண்டிச் சங்கிலியையும் ஓசையில்லாமல் தின்றுகொண்டிருக்கும். வெளியூர்க்காரர்கள் பத்தாண்டு வைத்திருக்கும் பொருளை நாங்கள் ஐந்தாண்டு வைத்திருந்தால் பெருமைப்பட்டுக்கொள்வோம். இப்படிப்பட்ட ஊரில் ஒரு காரை வீட்டிலேயே பார்த்துப் பராமரிப்பது என்பது ஏறக்குறைய வைத்தியம்.

அப்பா துறைமுகத்தில் மின்பிரிவில் வேலை பார்த்தவர். 1996இல் ஒரு மாருதி 800 வாங்கினார். 796 சிசி என்ஜின், மூன்று சிலிண்டர், ஆகவே மூன்று ஸ்பார்க் பிளக்குகள். ஆண்டுக்கு இரண்டு முறை, ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவற்றைக் கழற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் கை வைப்பார். மேலே உள்ள ஹெட் அலுமினியம். சூட்டில் முறுக்கினால் அதன் மரை பிளக்கோடு சேர்ந்து வந்துவிடும். முதலில் பிளக்கைச் சுற்றியுள்ள குழியில் சைக்கிள் பம்பால் காற்றடித்து மண்ணை வெளியேற்றுவார். இல்லாவிட்டால் கழற்றும்போது அது சிலிண்டருக்குள் விழும். வயர்களை ஒரே நேரத்தில் உருவமாட்டார். ஒன்றை உருவி, அந்தப் பிளக்கின் வேலையை முடித்துத் திரும்பச் சொருகிய பிறகே அடுத்தது. கழற்றியவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசை மாறாமல் செய்தித்தாளின் மேல் வைப்பார். பிறகு என்னைக் கூப்பிடுவார்.

வேலையில் உதவுவதற்காக அல்ல, பார்ப்பதற்காக.

பிளக் செய்யும் காரியத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். நடுவில் ஒரு கம்பி. அதைச் சுற்றிப் பீங்கான். அதற்கு வெளியே மரை வெட்டிய இரும்புக் கூடு. நடுக்கம்பியின் முனைக்கும் கூட்டிலிருந்து வளைந்து வரும் கொக்கிக்கும் இடையே ஒரு மெல்லிய இடைவெளி. எங்கள் காருக்கு அது 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். பதினைந்தாயிரம் வோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள மின்சாரம் அந்த இடைவெளியைத் தாவும்போது எழும் பொறியில்தான் பெட்ரோல் பற்றுகிறது. 1902இல் ஜெர்மனியில் ராபர்ட் பாஷின் பொறியாளர் காட்லோப் ஹோனால்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவோடு சேர்த்து இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனத்தின் வழியாக அது நம் தெருக்களுக்கு வந்தது. 2008இல் அந்த நிறுவனம் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அப்பா கடைசிவரை ‘மைக்கோ பிளக்’ என்றுதான் கேட்டு வாங்கினார்.

ஆனால் அவர் எனக்குக் காட்டியது பொறியை அல்ல, முனையின் நிறத்தை. எரியும் அறைக்குள் நம் கண் போக முடியாது. அங்கேயே இருந்துவிட்டு வெளியே வரும் ஒரே சாட்சி பிளக். முனை வெளிர்பழுப்பாக இருந்தால் உள்ளே எல்லாம் நலம். மைபோல உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. சோக்கையோ காற்று வடிகட்டியையோ பார்க்க வேண்டும். சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது சூடு மிகுந்துவிட்டது. பளபளக்கும் ஈரக் கறுப்பு என்றால் ஆயில் உள்ளே வருகிறது.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு பாடமும் உண்டு. நவம்பர், டிசம்பர் மாதத்து ஈரக் காலைகளில் வண்டி மிஸ்ஸிங் ஆகும். பிளக்கின் முனை சுத்தமாகவே இருக்கும். வெளிப்புறப் பீங்கானில் படிந்த உப்புத்தூசி ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்துக்கு வழி அமைத்துவிடும்; உள்ளே தாவ வேண்டியது வெளியிலேயே ஊர்ந்து போய்விடும். இருட்டில் பானட்டைத் திறந்தால் வயர்களின் மேல் நீலமாக ஏதோ நெளிவது தெரியும். அதற்கு மருந்து புதுப் பிளக் அல்ல, ஓர் உலர்ந்த துணி.

திருப்பிப் பூட்டுகிற வேலையை அவர் எனக்குக் கொடுத்தபோது எனக்குப் பதினான்கு வயது. ஒரு சாண் நீளப் பெட்ரோல் டியூபைப் பிளக்கின் தலையில் மாட்டிக் கையில் கொடுத்தார். டியூபைச் சுழற்றினால் பிளக் தானாக மரையில் ஏறும். கோணலாக ஏறப் பார்த்தால் டியூப் வழுக்கும், மரை தப்பிக்கும்.

“ஏட்டி, ஸ்பானர எடுக்காத. வழி சரின்னா அதுவா உள்ள போவும். போவலன்னா வெளிய எடுத்துட்டு மறுபடி வையி.”

கையால் முழுதும் ஏற்றிய பிறகே ஸ்பானர். புது வாஷர் என்றால் அரைச்சுற்றுக்குச் சற்று மேல், பழையது என்றால் அதில் நாலில் ஒரு பங்கு. அவ்வளவுதான்.

அப்பா 2009இல் காலமானார். கார் நின்றது, அம்மாவும் நானும் இருந்தோம். 2011இல் அதற்குப் பதினைந்து வயதாகி, பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் காலையில் வண்டியை எடுத்தால் நீலப்புகை வரத் தொடங்கியது. ஒரு பணிமனையில் காட்டினோம். மெக்கானிக் புகையைப் பார்த்தார், வண்டியின் வயதைக் கேட்டார். “என்ஜினை இறக்கணும், போர் பண்ணி ரிங் மாத்தணும்” என்றார். சொன்ன தொகை வண்டியின் அன்றைய விலையில் பாதிக்கு வந்தது. அம்மா வீட்டுக்கு வந்து, “கொடுத்துருவோம்” என்றாள். அவள் குரலில் இருந்தது பணக்கணக்கு மட்டுமல்ல. ஆண் இல்லாத வீட்டில் யார் எதைச் சொன்னாலும் ஆம் என்று கேட்டுக்கொண்டு வரவேண்டியிருக்கிறதே என்ற அலுப்பு.

மறுநாள் காலை மூன்று பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தேன். ஒன்றும் மூன்றும் வெளிர்பழுப்பு. இரண்டாவதில் மட்டும் ஈரக் கறுப்பு. ரிங் தேய்ந்திருந்தால் வண்டி இழுக்கும்போதெல்லாம் புகைய வேண்டும். இதுவோ இரவெல்லாம் நின்ற பிறகு முதல் இரண்டு நிமிடம் மட்டும் புகைந்தது. பாலம் ஏறும்போது புகையில்லை. வால்வைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் இறுகிப்போனால்தான் இரவில் ஆயில் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும்.

பிளக்குகளைக் காகிதத்தில் பொதிந்து அதே பணிமனைக்கு எடுத்துச் சென்றேன். “என்ஜினை இறக்கும் முன் கம்ப்ரெஷன் பார்த்துவிடலாமா?” என்று கேட்டேன். பிளக் இருந்த துளையில் மானியைப் பொருத்தி அழுத்தத்தை அளப்பார்கள். உள்ளே ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது அழுத்தம் ஏறினால் குற்றம் ரிங்கினுடையது. மெக்கானிக் இரண்டாவது பிளக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மானியை வரவழைத்தார். மூன்று சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆயில் விட்ட பிறகும் மாற்றமில்லை. ஹெட்டை மட்டும் கழற்றி சீல்களை மாற்றினார். முன்பு சொன்ன தொகையில் மிகச் சிறிய பங்குதான் செலவு. வண்டி இன்னும் ஐந்தாண்டு ஓடியது.

அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அவர் உள்ளே பார்க்கவில்லை, அவ்வளவுதான். வயதானது, புகைகிறது, ஆகவே முடிந்தது என்ற கணக்கு. மனிதர்களைப் பற்றியும் நாம் போடுகிற கணக்குதான்.

உள்ளே பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதே என்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், கடலடிப் பார்களிலிருந்து முதலில் மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களை மதிப்பிட்ட பிறகே அந்த ஆண்டு குளிப்பு உண்டா இல்லையா என்று அரசு முடிவு செய்யும். தூத்துக்குடியில் கடைசியாக 1961இல் நடந்தது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: பார்ப்பதற்காகத் திறந்த சிப்பி பிறகு பிழைப்பதில்லை, பிளக்கைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் பூட்டிவிடலாம்.

இன்றைய பெட்ரோல் கார்களில் இரிடியம் பிளக். ஒரு லட்சம் கிலோமீட்டர்வரை கை வைக்க வேண்டாம் என்கிறார்கள். கோளாறு வந்தால் ஸ்கேனரைச் சொருகுகிறார்கள். அது ‘பி 0302’ என்று எழுதிக் காட்டும். இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். ஏன் எரியவில்லை என்று அது சொல்லாது. அதற்கு இன்றும் பிளக்கைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

2025 ஆகஸ்டில் எங்கள் ஊர் சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கே உருவாவது மின்சாரக் கார். அதில் எரியும் அறையே கிடையாது. அங்கு பிளக் என்றால் சார்ஜ் ஏற்றச் சொருகுவது. நல்லதுதான், புகையில்லை, கரியில்லை. அங்கே வேலைக்குச் சேர ஆசைப்படும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, அண்மையில் என்னிடம் அந்தக் காரின் பேட்டரியைப் பற்றி ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது கெட்டால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். திரையில் வரும் என்றாள். திரை சொல்வது சரியா என்று எதை வைத்துப் பார்ப்பாய் என்றேன். சற்று யோசித்தாள்.

“சேர்ந்த உடனே அதத்தான் மொதல்ல கேக்கணும்க்கா” என்றாள்.