கச்சான் காலத்து வாயில்லா உயிர்கள்

கிழக்கிலங்கையின் கரையோரத்தில் வாழ்வோர் காற்றுகளுக்குப் பெயரிட்டதோடு அமையாது, அவற்றுக்குக் குணமும் வகுத்து வைத்துள்ளனர். மாரி மழையைக் கொண்டுவரும் வாடை ஒரு வகையில் விருந்தாளி. சில வேளைகளில் கூரையைப் பெயர்த்துவிடும் எனினும் வயலுக்கு வேண்டப்பட்டது. கச்சான் அத்தகையதன்று. வைகாசி தொடங்கி ஆவணி வரையில் மேற்கே வயல்வெளியைக் கடந்து வீசும் இக்காற்று, கொடியில் இட்ட துணியை அரைமணி நேரத்தில் காயவைப்பதைத் தவிர வேறு நன்மை எதனையும் செய்வதாக எங்கள் ஊரில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. கண் எரியும், உதடு வெடிக்கும், கதவு நிலைகள் காய்ந்து விரிசல் காணும். முற்பகல் 10 மணிக்குப் பின்னர் சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ வீதியில் நடமாடுவோர் குறைவு. பிற்பகலில் கடற்காற்று எழுந்து கச்சானைப் பின்தள்ளும் நாள்கள் நல்ல நாள்கள். கடற்காற்றுத் தோற்கும் நாள்களே கொடியவை.

இக்காற்றின் பிறப்பை நான் அறிந்தது பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே. ஆனி மாதத்தில் பேராதனையில் குடையின்றி விரிவுரை மண்டபத்துக்குச் செல்ல இயலாது. அதே நாளில் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினால், கிணற்றில் வாளி தரையைத் தட்டுவதாக உம்மா கூறுவார். இரண்டையும் செய்வது ஒரே காற்றுத்தான். தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரின் பெரும்பகுதியை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்குகின்றது. இறங்கும் உலர்ந்த காற்று ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் சூடேறும் என்பது புவியியல் மாணவர் அறிந்த விதி. அல்ப்ஸ் மலையடிவாரத்தில் 'போன்' என வழங்கப்படும் காற்றும் இவ்வினத்ததே. கண்டியிலிருந்து மகியங்கனை வழியாகக் கல்முனைக்குச் செல்லும் பஸ் வண்டியில் '18 வளைவு' எனப் பெயர்பெற்ற வீதியை இறங்கி முடிக்கையில், இவ்விதியை உடலே கற்றுக்கொள்கின்றது.

மனிதர் படும் பாட்டை அளக்க இப்போது அளவுகோல்கள் உள. 32 பாகை வெப்பமும் 70 வீத ஈரப்பதனும் சேர்ந்தால் உடல் உணர்வது ஏறத்தாழ 40 பாகை என்பது வெப்பச் சுட்டெண்ணின் கணக்கு. 2024ஆம் ஆண்டு ஏப்பிரல், மே மாதங்களில், கச்சான் விழும் முன்னரே, கிழக்கு மாகாணம் உட்படப் பல மாகாணங்களுக்கு இச்சுட்டெண்ணைக் கொண்டு வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடுத்தது. உலகில் அதுவரை அளந்தறியப்பட்ட ஆண்டுகளுள் அவ்வாண்டே மிக வெப்பமானது எனப் பின்னர் அறிந்தோம். நீர் அருந்துங்கள், நிழலில் இளைப்பாறுங்கள், முதியோரையும் நோயாளரையும் கவனியுங்கள் என்பன திணைக்களத்தின் அறிவுரைகள். அவற்றைத் தானாகப் பின்பற்ற இயலாத குடும்ப உறுப்பினர் ஒருவர் எங்கள் வளவில் இருந்தார்: கழுத்தில் கயிற்றோடு வேம்பின் அடியில் நின்ற பசு.

அது ஜேர்சிக் கலப்பினம். வாப்பா 2021இல் கடன்பட்டு வாங்கியது. என் விடுதிச் செலவின் பெரும்பகுதி அப்பசுவின் மடியிலிருந்தே வருகின்றது என்பதை இங்கு மறைப்பதற்கில்லை. நாளொன்றுக்கு 8 லீற்றர் கறந்த பசு, 2024 மே இறுதியில் 5 லீற்றருக்கு இறங்கியது. காய்ச்சல் இல்லை, மடிநோய் இல்லை. வாயோரம் எச்சில் வழிய, நாள் முழுதும் படுக்காமல் நின்றுகொண்டே இருந்தது. சாச்சா வந்து, சிறிது நேரம் அதன் விலாவின் ஏற்ற இறக்கத்தை எண்ணினார். "மாடு வாய் திறந்து சொல்லுமா மகள்? பால்தான் அதுர பேச்சு" என்றார்.

கறவை மாடுகளுக்கும் வெப்பமும் ஈரப்பதனும் சேர்ந்த ஒரு சுட்டெண் உண்டு. அது 72ஐத் தாண்டினால் ஐரோப்பிய இனப் பசு இடர்ப்படத் தொடங்கும் என்பர். மேற்சொன்ன 32 பாகை, 70 வீதத்தை அச்சூத்திரத்தில் இட்டுப் பார்த்தேன், விடை 84. கச்சான் விழுந்து ஈரம் வற்றிய பின்னர், 37 பாகையும் 45 வீதமும் என வைத்துக்கொண்டாலும் விடை 86. புழுக்கமும் வறட்சியும் மாட்டுக்கு ஒன்றுதான் போலும். பசுவின் இரைப்பையில் புல்லும் வைக்கோலும் நொதிக்கும்போதே வெப்பம் பிறக்கின்றது. பால் சுரத்தலும் வெப்பத்தைப் பிறப்பிக்கும் வேலையே. ஆகவே, வெளியே அனல் மூளும்போது பசு தன்னுள் எரியும் அடுப்பைத் தணிக்க முயல்கின்றது. தீனைக் குறைக்கின்றது, பால் தானே குறைகின்றது. நாட்டு மாடு இத்துணை இடர்ப்படுவதில்லை. தளர்ந்த தோலும், குறுகிய மயிரும், மிகுதியான வியர்வைச் சுரப்பிகளும், ஏன், அது கறக்கும் பாலின் குறைவுமே அதனைக் காக்கின்றன. பாலின் அளவு ஒன்றையே பார்த்து மாட்டைத் தெரிவுசெய்யும்போது, வெப்பத்தின் முன் அதன் இயலாமையையும் சேர்த்தே வாங்குகின்றோம். கடன் தந்தவர்கள் நடத்திய விளக்கக் கூட்டத்தில் இச்செய்தி சொல்லப்படவில்லை.

சாச்சா சொன்ன பரிகாரங்கள் எளியவை. வைக்கோலை மஃரிபுக்குப் பின்னரே போடவேண்டும். சுபஹுக்கு முன்னர் கறந்துவிட வேண்டும். தொட்டியில் தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும், அத்தொட்டியும் நிழலில் இருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் பால் ஆறரை லீற்றருக்கு ஏறிற்று. அதற்குமேல் ஏறவில்லை.

சாச்சா பட்டி வைத்திருப்பவர். எருமையும் நாட்டு மாடுமாக ஒரு காலத்தில் 60 உருப்படிகள், இன்று 23. அவர் பட்டியின் துயரம் வேறு வகையினது. அம்பாறைக் கரையோரத்தில் மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்ததும் வயல்கள் மாட்டுக்குத் திறந்துவிடப்படும். சித்திரையில் சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் வாய்க்கால்களில் வர, சிறுபோகம் விதைக்கப்படும். அன்று முதல் ஆவணி அறுவடை வரையில் வட்டைப் பக்கம் மாடு தலைகாட்டலாகாது. கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாகக் கிடக்கும் காலமே மாட்டுக்குப் புல்லில்லாத காலமாகின்றது. அதுவே கச்சான் காலமும். பட்டிகள் காட்டோரத் தரவைகளுக்கு ஒதுங்க வேண்டும். அத்தரவைகளும் சுருங்கி வருகின்றன. அவற்றைக் குறித்து வேளாண்மைக்காரருக்கும் மாட்டுக்காரருக்கும் இடையே எழுந்த பிணக்குகள் தீர்ந்தபாடில்லை. இருவரும் பெரும்பாலும் ஒரே ஊரவர், சில வேளைகளில் ஒரே குடும்பத்தவர் என்பதையும் இங்குக் கூறவேண்டும்.

பழைய பட்டிக்காரர் வெயிலை எதிர்கொண்ட முறையைச் சாச்சா இன்றும் இயன்ற அளவு கைக்கொள்கின்றார். விடியுமுன் மேய்ச்சல், வெயில் ஏறியதும் மர நிழலில் அசைபோடல், நிலவுள்ள இரவுகளில் மீண்டும் மேய்ச்சல். எருமைக்கு இவற்றோடு ஒரு மடுவும் வேண்டும். எருமையின் வியர்வைச் சுரப்பிகள் பசுவினதைவிட மிகக் குறைவு. அதன் கருந்தோலோ வெயிலை வாங்கி வைத்துக்கொள்வது. அது சேற்றில் கிடப்பதைச் சோம்பலுக்கு உவமையாக்கியவர்கள் நாம். சேறு அதற்கு இரவல் வியர்வை. மூத்தாப்பாவின் இளமையில் சாய்ந்தமருதுத் தோணாவிலேயே எருமைகள் மூக்கு மட்டும் தெரியக் கிடக்குமாம். இன்று தோணா பல இடங்களில் மண்ணாலும் குப்பையாலும் ஒடுங்கிவிட்டது. உழவுக்கும் சூடுமிதிப்புக்கும் இயந்திரம் வந்த பின்னர் ஊருக்குள் எருமைக்கு வேலை இல்லாது போயிற்று. வேலையற்ற பிராணியின் குளிப்பிடத்தைப் பற்றி எவர் கவலைப்படுவர்? தயிர்ச்சட்டி மட்டும் விருந்துதோறும் வந்துவிடுகின்றது.

கோழியின் செய்தி இதனினும் நுட்பமானது. அதன் உடல் வெப்பநிலை இயல்பாகவே 41 பாகை அளவினது. வியர்வைச் சுரப்பியோ அறவே இல்லை. வாயைத் திறந்து இரைப்பதே அதற்குள்ள பெருவழி. இடைவிடாது இவ்வாறு இரைக்கும்போது குருதியிலுள்ள காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறிவிடுகின்றது. முட்டையோட்டைக் கட்டுவதற்கு வேண்டிய பொருளும் அதனோடு குறைகின்றது. உம்மா இதைப் படித்தவரல்லர். ஆயினும் அந்த மே மாதத்தில் ஒரு வாரமாக முட்டைகள் கைபட்டதும் நொறுங்குவதைக் கண்டு, கூட்டின் தகரக் கூரைமேல் சாக்குகளை நனைத்து விரித்தார். மூன்று வேளையும் நீர் தெளித்தார். 40 கோழிகளுள் 3 மட்டுமே இறந்தன. அயல் வளவொன்றில், மின்சாரம் தடைப்பட்ட ஒரு நண்பகலில், நெருக்கி வளர்த்த இறைச்சிக் கோழிகள் நூற்றுக்கு மேல் ஒரு மணித்தியாலத்துக்குள் சரிந்தன. அன்று மாலையே குழிவெட்டிப் புதைத்தார்கள். எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை.

இப்பதிவேட்டு விடயம் சற்று ஆராயத்தக்கது. 2022 டிசம்பரில், மாண்டஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றால் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாள்களில் மாண்டன. நாடு திகைத்தது. இறந்த உடல்கள் பரிசோதிக்கப்பட்டன. குளிரின் தாக்கமே காரணம் என அறிவிக்கப்பட்டது. பத்திரிகைகள் தொகையை வெளியிட்டன. வெப்பநாட்டு விலங்கு குளிரில் இறந்தால் செய்தியாகின்றது. அதே விலங்கு வெப்பத்தில் மெலிந்தால் அது செய்தியாவதில்லை. சினைப்படாத பசுவும், பால் வற்றிய எருமையும், அரைவிலைக்கு இறைச்சிக்குப் போன காளையும் தனித்தனி வீடுகளின் நட்டங்களாகச் சிதறிப்போகின்றன. அவுஸ்திரேலியாவின் கெயின்ஸ் பகுதியில் 2018 நவம்பரில் வெப்பம் 42 பாகையைத் தொட்ட இரு நாள்களில் பழந்தின்னி வௌவால் இனமொன்றில் ஏறத்தாழ 23,000 இறந்து விழுந்தன. அந்நாட்டில் அவ்வினத்தின் மொத்தத்தில் அது மூன்றிலொன்றை அண்மிய தொகை. அவ்வெண்ணை இன்று நாம் சொல்ல முடிவது, மரத்தடிகளுக்குச் சென்று உடல்களை எண்ணியோர் அங்கு இருந்தமையால். எங்கள் கரையில், மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லப்படாத மாடு எந்தக் கணக்கிலும் இல்லை.

இதனால் எங்கள் மக்கள் இரக்கமற்றவர்கள் என்று கொள்ளலாகாது. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவரின் வரலாற்றை மத்ரஸாவில் கேளாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. கச்சான் காலத்தில் மதில்மேல் நீர்ச்சட்டி வைக்கும் வீடுகள் பல. வாய் பிளந்தபடி வரும் காகங்களுக்கு அவ்வீடுகள் நன்கு தெரியும். தண்ணீர் கொடுப்பதற்கு ஒரு சட்டி போதும். நிழல் கொடுப்பதற்கோ நிலம் வேண்டும். அதுவே எங்களிடம் இல்லாதது. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையில் ஒடுங்கிய மணல்நிலம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர் கடலோரத்துக் குடும்பங்கள் பல உள்நோக்கி நகர்ந்தமையால் நெருக்கம் மேலும் கூடிற்று. இவற்றோடு எங்கள் வழக்கமும் சேர்ந்துகொள்கின்றது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதே முறை. ஆதலால் பெண்ணைப் பெற்றவர் மகளுக்கொரு வீடு கட்டிக்கொடுத்தாக வேண்டும். வளவு மகள்களின் எண்ணிக்கையால் வகுபடுகின்றது. வகுக்குந்தோறும் மரம் விழுகின்றது. சீதனத்தைக் குறித்துப் பல்கலைக்கழக மலர்களில் எழுதப்பட்டவை பல. அவற்றுள் மாட்டின் நிழலைப் பற்றிய வரி எதனையும் நான் கண்டதில்லை.

எங்கள் வளவு 20 பேர்ச். தாத்தாவின் வீட்டுக்காக 2023இல் முன்பக்கத்து மாமரம் போயிற்று. வேம்பு நிற்கும் பின்பகுதி எனக்குரியது. சென்ற விடுமுறையில் நான் வீட்டுக்குச் சென்றபோது, வாப்பா முளை அடித்து நூலும் கட்டியிருந்தார். நூல் வேம்பின் அடிமரத்தை ஊடறுத்துச் சென்றது. அன்று நண்பகலில் கோழிக்கூட்டின் தகரத்தின் கீழ் வெப்பமானி 39 பாகை காட்டிற்று. வேம்பின் கீழ் 33.

பசுவை விற்றுவிடலாம் என்பது வாப்பாவின் கருத்து. வீட்டைச் சில ஆண்டுகள் பின்போடலாம் என்பது என் கருத்து. வீடில்லாத பெண்ணைக் கேட்டு வருபவர் யார் என்பது உம்மாவின் கேள்வி. அதற்கு என்னிடமுள்ள விடை உம்மாவிடம் செல்லுபடியாகாதது. தாத்தா இருவர் பக்கமும் பேசினார். சாச்சா நூலைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, வரைபடத்தைத் தெற்கே 6 அடி நகர்த்திச் சமையலறையைச் சுருக்கினால் மரம் தப்பும் என்றார். வேர் அத்திவாரத்தைப் பெயர்த்துவிடும் என்கின்றார் மேசன். பெருநாளுக்குப் பின் வேலை தொடங்குவதாக இருந்தது, பணம் ஒழுங்காகவில்லை. ஆகவே, இதனை எழுதும் இந்நாளில் முளைகள் அடித்தபடியே நிற்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பசு கழுத்தைத் தேய்த்துச் சாய்த்துவிட்டதாக நேற்றுத் தொலைபேசியில் உம்மா சொன்னார்.