பெட்ரோல் லாரியும் டீசல் இஞ்சினும்

திருநெல்வேலி டவுணில் காட்சி மண்டபத்தைக் கடந்து பேட்டைக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு பழைய லாரிப் பட்டறைக்கு நான் சென்றது, எரிபொருட் சிக்கனத்தைப் பற்றிப் புத்தகங்கள் சொல்லும் கணக்கு, கரியும் எண்ணெயும் படிந்த கைகளின் அநுபவத்தோடு எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறதென்று அறியும் ஆவலினால்தான். எழுபதைத் தாண்டிய மேஸ்திரி, நாற்காலியில் அமர்ந்தபடியே வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தார். 1960களில் சிறு பையனாக வந்து சேர்ந்தபோது தம் குருவிடம் அவர் கற்ற முதல் வித்தை, பார்கோ, டாட்ஜ், பெட்போர்டு என்ற பெயர்களோடு ஓடிய லாரிகளின் பெட்ரோல் இஞ்சினை இறக்கிவிட்டு, அந்த ஸ்தானத்தில் பெர்கின்ஸ் பி-6 என்னும் டீசல் இஞ்சினை ஏற்றுவதாகும்.

அந்த இஞ்சினின் பூர்வீகமே இந்தக் காரியத்துக்காக ஏற்பட்டது. 1932-இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் பிராங்க் பெர்கின்ஸும் சார்லஸ் சாப்மனும் கம்பெனி தொடங்கியபோது, டீசல் என்றால் கப்பலுக்கும் ஆலைக்கும் உரிய கனத்த, மந்தகதியான யந்திரம் என்ற அபிப்பிராயமே பொதுவில் நிலவியது. இலேசானதாகவும் வேகமாகச் சுழல்வதாகவும் ஒரு டீசலைச் செய்து, பெட்ரோல் இஞ்சின் இருந்த இடத்தில் அதை அமர்த்துவதே அவ்விருவரின் நோக்கம். ஆறு சிலிண்டர் கொண்ட பி-6, 1937-இல் வெளிவந்தது. சென்னையில் சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் இஞ்சின்களைத் தயாரிக்கத் தொடங்கியது 1950களில். அதைத் தன்னுள் கொண்ட அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் அன்றைய தலைவர் எஸ். அனந்தராமகிருஷ்ணன், அப்போது இதே ஜில்லாவில் இருந்த ஆழ்வார்குறிச்சிக்காரர். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது கரிவாயுச் சாதனம் செய்து பஸ்களை ஓடவைத்த டி. வி. சுந்தரம் ஐயங்காரும் திருக்குறுங்குடியில் பிறந்தவர்தாம். எரிபொருளைப் பற்றிய கவலை எங்கள் சீமைக்குப் பிதுரார்ஜிதமோ என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு.

டீசல் குறைவாகக் குடிப்பதன் காரணம் ரகசியமன்று. அக்காலத்துப் பெட்ரோல் இஞ்சின், காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை ஆறேழு மடங்கு நெருக்கிப் பொறியிட்டுக் கொளுத்தும். டீசலோ காற்றை மட்டும் பதினைந்து மடங்குக்கு மேல் நெருக்கி, அந்த உஷ்ணத்திலேயே எண்ணெயைப் பற்றவைக்கும். அதிகமாக நெருங்கிய வாயு அதிகமாக விரிகிறது. வெப்பத்தில் கூடுதலான பங்கு வேலையாக மாறுகிறது. இன்னொன்றும் உண்டு: பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய 740 கிராம், டீசல் 830 கிராம். லிட்டர்க் கணக்கில் பேசுகிறவன் இந்த எடை வித்தியாசத்தை மறந்துவிட்டு முழுப் புகழையும் இஞ்சினுக்கே கொடுத்துவிடுகிறான்.

மேஸ்திரியோ அந்தப் புகழில் பாதியைத்தான் அங்கீகரித்தார். “இஞ்சின மாத்துனா மைலேஜ் தானா வந்துரும்னு நெனச்சுக்கிட்டு வருவாவ, ஐயா. இஞ்சின் பாதிதான். மீதி பாதி சேர்மானத்துல இருக்கு.”

இந்தச் சேர்மானம்தான் இந்தத் தொழிலின் உயிர். ஒரு கம்பெனியின் இஞ்சினும் வேறொரு கம்பெனியின் கியர் பாக்ஸும் தாமாகப் பொருந்துவதில்லை. நடுவே ஓர் அடாப்டர் பிளேட்டைக் கடைந்து வைக்கவேண்டும். பட்டறையின் மூலையில் துருவேறிக் கிடந்த அத்தகைய வட்டத் தகடொன்றை எடுத்துவரச் சொல்லி எனக்குக் காட்டினார். கிராங்க் ஷாப்டின் மையமும் கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டின் மையமும் ஒரே நேர்க்கோட்டில் விழவேண்டும். பிளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, கையால் மெல்லச் சுழற்றி, அதைச் சூழ்ந்த கூடான ஹவுசிங்கின் விளிம்பு எத்தனை தவ் விலகுகிறதென்று பார்க்கவேண்டும். தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்திலொரு பங்கு. விலகல் பத்துத் தவ்வை மீறினால் கிளட்ச் பிளேட்டின் பல் தேயும், பேரிங் இரையும், கியர் தானாகக் கழன்றுவிழும். சேமித்த டீசலின் பணமெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய்ச்சேரும்.

அடுத்தது பின்னச்சிலுள்ள கிரவுன் பினியன் என்னும் பல்சக்கர ஜோடி. நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுக்கு மேல் ஓடிய பெட்ரோல் இஞ்சினுக்கென்று அமைந்த பல் விகிதத்தை, ஏறக்குறைய 2,400 சுற்றோடு நின்றுவிடும் பி-6-க்கும் அப்படியே விட்டால், வண்டி வேகமெடுக்காமல் திணறும்; டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பான், கறுப்புப் புகையோடு சிக்கனமும் பறந்துவிடும். விகிதத்தைக் குறைத்தமைத்தால், குறைந்த சுற்றிலேயே இழுவிசை காட்டும் டீசல் அமைதியாகப் பாரத்தை இழுத்துச் செல்லும். இஞ்சினின் கூடுதல் கனத்துக்காக முன்பக்கக் கமான் பட்டையிலும் ஒன்றிரண்டு சேர்ப்பார்களாம். பெட்ரோல் இஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தைப் பிரேக்குக்குத் துணையாகக் கொண்ட வண்டிகளில், டீசலுக்கு மாறியபின் தனியே வேக்கம் பம்ப் வைத்தாகவேண்டும். இதை மறந்துவிட்டுச் செங்கோட்டைக்கப்பால் ஆரியங்காவு மலைப்பாதையில் சரக்கோடு இறங்குகிறவனின் கதியை நான் வர்ணிக்கவேண்டியதில்லை.

நான் இருந்த வேளையில் ஒரு சரக்கு லாரிக்கு, அதே ரகத்தைச் சேர்ந்த வேறு டீசல் இஞ்சினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்த இளைஞன், “அண்ணாச்சி, கம்பெனி ஹவுசிங்தான, சென்டர் பாக்கணுமா?” என்று கேட்க, “பாருல. கம்பெனிக்காரனும் மனுசந்தான்” என்றார் மேஸ்திரி. பார்த்தார்கள், ஆறு தவ்வுக்குள் இருந்தது. பிறகு எண்ணெய்க் குழாயின் திருகைத் தளர்த்தி, கையடிப் பம்பை அடித்துக் குமிழி நிற்கும்வரை ஏர் எடுத்தபின் இஞ்சினைக் கிளப்பினார்கள்.

பழைய வித்தை இப்போது அருகிவிட்டது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதற்குத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திற்று. 2014 அக்டோபரில் டீசல் விலை நிர்ணயம் அரசாங்கத்தின் கையைவிட்டுப் போனதோடு, பெட்ரோலுக்கும் அதற்கும் நெடுங்காலம் இருந்த பெரிய விலை வித்தியாசமும் சுருங்கிவிட்டது. என் அபிப்பிராயத்தில், எப்போதாவது ஓடும் பழைய பெட்ரோல் வண்டிக்கு இந்தச் செலவு இனித் திரும்பி வாராது. தினமும் பாரமேற்றும் டீசல் வண்டி வைத்திருப்பவர்கள், மைலேஜ் குறைந்தால் முதலில் நாசிலையும் டயர் காற்றையும் பிரேக் பிடிப்பையும் சோதித்துப் பாருங்கள்; இஞ்சினையே மாற்றத்தான் வேண்டுமென்றால் அதே ரகத்தை, டயல் கேஜ் வைத்துச் சென்டர் பார்க்கிற மேஸ்திரியிடம் கொடுத்து ஏற்றுங்கள்; முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியைப் பெற்று, ஏற்றிய பதினான்கு நாளுக்குள் அங்கே தெரிவித்து, ஆர்.சி. புத்தகத்தில் புது இஞ்சின் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்.