வாப்பாவுக்குக் காட்ட நினைத்த வானம்

ஊரிலிருந்து வந்திருந்த வாப்பாவைக் கடந்த ஏப்ரலில் டெக்காப்போ ஏரிக்கு அழைத்துச் சென்றோம். நாங்கள் வாழும் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து காரில் ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். வாப்பாவின் விழித்திரை சில ஆண்டுகளாகத் தேய்ந்து வருகிறது. அதை மீட்க இயலாது என மருத்துவர் கூறியதிலிருந்து, காணத்தக்கவற்றை எல்லாம் விரைந்து காட்டிவிட வேண்டும் என்ற பதற்றம் எங்களைப் பற்றிக்கொண்டது.

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த ஏரி. பனியாறுகள் பாறையை மாவாக அரைத்து நீரில் கலப்பதால், பாலில் நீலத்தைக் கரைத்தாற்போன்ற நிறம். பகல் வெளிச்சத்தில் வாப்பா அதை ஓரளவு கண்டு மகிழ்ந்தார்கள்.

இரவுதான் எங்கள் உண்மையான நோக்கம். 1965 முதல் அருகிலுள்ள ஜான் மலையில் வானாய்வகம் இயங்குகிறது. அதற்காக 1980களின் தொடக்கத்திலேயே இவ்வட்டாரத்தில் வெளிவிளக்குகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2012இல் 4,300 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு, பன்னாட்டு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

கரையில் நின்று அண்ணாந்தபோது வாயடைத்துப் போனோம். பால்வழிக்கு அப்பால், மகெல்லன் மேகங்கள் இரண்டு வெண்புகைத் திட்டுகளாகத் தெரிந்தன. அவற்றுள் பெரியதன் ஒளி நம்மை வந்தடையச் சுமார் 1,60,000 ஆண்டுகள் ஆகின்றன. "தெரிகிறதா வாப்பா?" என்று ஆவலுடன் கேட்டோம்.

"எனக்கு இருட்டுத்தான் தெரிகிறது. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்கள்.

இத்தகைய நோயில் இரவுப் பார்வையே முதலில் குன்றும் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. வெட்கத்தில் தலை குனிந்தோம். சொல்லலாம் என்றாலோ, ஒரு விண்மீனின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. மகள் சிவப்பு விளக்கொளியில் வான்வரைபடத்தை விரித்து, "ஏக்கர்னார்" என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

வாப்பா நிமிர்ந்தார்கள். மதரஸாவில் நாற்பது ஆண்டுகள் அரபி கற்பித்தவர்கள். "ஆகிருந் நஹ்ர். ஆற்றின் முடிவு என்று பொருள். அருகில் ஆறு போன்ற மீன்கூட்டம் இருக்கிறதா, பார்" என்றார்கள். இருந்தது. பிறகு, "சுஹைல் எங்கே? அரபு மாலுமிகள் திசையறிந்த மீன்" என்றார்கள். வரைபடத்தில் கனோபஸ் என்றிருந்த அந்த மீன் தென்மேற்கில் உயரத்தில் சுடர்ந்துகொண்டிருந்தது. நம்மூர்க் கடற்கரையிலும் தென்வானில் தாழ்வாகத் தெரிவதுதான் அது என்றார்கள். அத்தனை ஆண்டுகள் அக்கரையில் வாழ்ந்தும் நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

இஷாவுக்கு விரிப்பை விரித்தோம். ஊரில் கிப்லா மேற்குக்குச் சற்று வடக்கே. இங்கோ சற்றுத் தெற்கே. வாப்பாவின் தோள்களைப் பற்றி அத்திசையில் நிறுத்தினோம். அவர்கள் இமாமாக நின்று, இரவில் தோன்றும் விண்மீனின் பெயர் கொண்ட அத்தாரிக் அத்தியாயத்தை ஓதினார்கள். குளிரில் குரல் நடுங்கியது, ஓதுதலில் பிசகில்லை.

வாப்பா ஊர் திரும்பிவிட்டார்கள். இப்போதெல்லாம் வாரம் ஒருமுறை மகள் முற்றத்து விளக்கை அணைத்துவிட்டுத் தொலைபேசியில் வானத்தை வர்ணிக்கிறாள். அவர்கள் பெயர் சொல்கிறார்கள். காட்டவேண்டும் என்று ஓடிய நாங்கள், கேட்கவேண்டியதைத் தாமதமாகத்தான் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். நம் பெற்றோர் அனைவருக்கும் வல்ல இறைவன் நல்வாழ்வும், நமக்கு அவர்களிடம் அமர்ந்து கேட்கும் பொறுமையும் அருள்வானாக. ஆமீன்.