ரிங்லெட்டில் நிறுத்திக் கேளுங்கள்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போயிருக்கிறீர்களா, வாசகர்களே? 59-ஆம் எண் கூட்டரசுச் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் ஏறினால் தானா ராத்தா. வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி சாலையோரத்திலேயே கொட்டும். அதற்கும் மேலே ரிங்லெட் பட்டணம். 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு சொன்ன மேட்டுநிலம் இது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் இங்கே தொடங்கியது. இம்மலையில் தேயிலையை நட்டுக் கொழுந்து கிள்ளியதில் நம்மவர்களின் உழைப்பு கொஞ்சமன்று.

அருவியில் நின்று படம் பிடித்துக்கொள்ளும்போது எதிரே ஊர்ந்து இறங்கும் காய்கறி லோரிகளையும் கொஞ்சம் கவனியுங்கள். தானா ராத்தா 1,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிய லோரி அவ்வளவு உயரத்தையும் வளைந்து வளைந்து இறங்கியாக வேண்டும். உங்கள் அண்ணனோ மகனோ அந்த லோரியை ஓட்டுகிறவராக இருக்கலாம். பக்கத்தில் கெலிண்டானாக உட்கார்ந்திருக்கலாம். ஆகவே இது அவர்களுக்காக எழுதுவது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். சக்கரக் கோளாறும் பெரும்பாலும் அப்படித்தான். முதலில் ஓர் உரசல் சத்தம் வரும். கீழே இறங்கும்போது ரிங்லெட்தான் கடைசிப் பட்டணம். சந்தேகத்தை அங்கேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

சமமான இடத்தில் மெல்ல ஓட்டிக் கேளுங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, ஒரு தரம் மட்டும் ‘டக், டக்’ என்கிறதா? டயர்ப் பள்ளத்திலோ, பின்னால் இருக்கும் இரட்டை டயர்களின் நடுவிலோ கல் சிக்கியிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். வேகத்தில் அது தெறித்தால் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு ஆபத்து.

பாரம் ஏற்றிய பிறகுதான் ‘சர்ர்’ என்று உரசுகிறதா? மட்காட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். ரப்பர் தேய்ந்த கறுப்புத் தடம் இருந்தால், வில் பட்டை ஒடிந்து லோரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம்; பாரமும் அளவு மீறியிருக்கலாம். காற்றுக் குறைந்த இரட்டை டயர்கள் ஒன்றோடொன்று உரசினாலும் சூடேறித் தீப்பிடிக்கக் கூடும்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் இரும்பு இரும்பைச் சுரண்டுகிறதா? லைனிங் தேய்ந்து ஆணி வெளியே வந்திருக்கும். மிதிக்காமலே உரசிக் கருகல் வாடை அடித்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிறுத்திவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட்டுவிடாதீர்கள். மற்றவற்றைவிட எது அதிகமாக அனல் வீசுகிறதோ, அதுதான் குற்றவாளி.

பிரேக்கோடு சம்பந்தமில்லாமல் ‘உர்ர்’ என்ற உறுமல், வேகம் கூடக் கூட வளர்கிறதா? பேரிங்கைச் சந்தேகியுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்தின் மேல் விழும். அப்போது உறுமல் கூடினால் கோளாறு பெரும்பாலும் இடப்பக்கம். பட்டறையில் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் போர்மேனுக்குத் தெரிந்துவிடும். முட்டுக்கட்டை வைக்காமல் யாரும் லோரிக்கு அடியில் போக வேண்டாம்.

கல்லை எடுத்ததும் சத்தம் நின்றுவிட்டால் புறப்படலாம். சின்ன கியரில் இறங்குங்கள். எஞ்சினே லோரியைப் பிடிக்கட்டும், பிரேக்குக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். பிரேக், பேரிங், வில் பட்டை என்றால் புறப்படவே கூடாது. போர்மேனை அங்கேயே வரவழையுங்கள்.

“விடியுமுன் சந்தைக்குப் போகாவிட்டால் முதலாளி ஏசுவாரே” என்பீர்கள். ஏசட்டும். ஒரு லோரிக் காய்கறி வாடினால் இன்னொரு லோரி நாளைக்கு வரும். கெலிண்டான் தம்பி, “அண்ணே, பின் சக்கரத்தில் ஏதோ சத்தம்” என்றால், “சும்மா இருடா” என்று அதட்டாமல் நிறுத்துங்கள். சக்கரத்துக்கு அருகிலேயே ஏறி இறங்குகிறவன் அவன். அவன் காதுக்கு எட்டுவது ரேடியோ பாட்டுக்கு நடுவில் உங்களுக்கு எட்டாமல் போகலாம்.

வீட்டிலுள்ள தாய்மார்களே! லோரி புறப்படும்போது, “சீக்கிரம் வந்துவிடு” என்று சொல்லாதீர்கள். “பார்த்து வா” என்று சொல்லி அனுப்புங்கள்.