பெரியப்பாவின் மார்ச் 24

'வரலாற்றில் இன்று' கார்டு போடுவது டிஜிட்டல் டெஸ்க்கில் என் வேலை. மார்ச் 24-க்குத் தேடியபோது கிடைத்தது இது: 1990-ல் இந்திய அமைதிப்படையின் கடைசி அணி, இலங்கையின் திரிகோணமலையிலிருந்து கப்பலேறிய நாள். நாலு வரி எழுதினால் முடிந்தது.

ஆனால், கல்லங்குறிச்சியில் இருக்கும் என் பெரியப்பா அந்தப் படையில் இருந்தவர். போன் போட்டேன்.

"எப்போ ஊருக்குத் திரும்புவீங்கன்னு எப்படிப் பெரியப்பா தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"ரேடியோவுலதான் பாப்பா. எந்த ஊர் எலெக்‌ஷன்ல யார் ஜெயிக்கிறாங்கன்னு கேட்டுக்கிட்டே கிடப்போம்."

தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தி - ஜெயவர்த்தனே ஒப்பந்தம், படை போனது. 1988 டிசம்பரில், 'இந்தியப் படையை அனுப்பிவிடுவேன்' என்று சொன்ன பிரேமதாசா அதிபர் தேர்தலில் ஜெயித்தார். 1989 ஜூலை 29-க்குள் வெளியேறச் சொன்னார். டெல்லி அந்தக் கெடுவை ஏற்கவில்லை. செப்டம்பரில், ஆண்டு முடிவுக்குள் கிளம்புவதாக உடன்பாடு. நவம்பரில் இங்கே தேர்தல், வி.பி.சிங் பிரதமரானார். கடைசிக் கப்பல் கிளம்ப மார்ச் ஆகிவிட்டது. திரும்பி வந்த படையை வரவேற்க, அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை.

"அதுல எனக்குக் கோவம் இல்ல. அங்கே செத்த ஜனங்களும் நம்ம பாஷை பேசுறவங்கதானே" என்றார் பெரியப்பா. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"என் கூட்டாளி ஒருத்தன் ஆகஸ்ட்ல போனான். ஜூலையிலேயே கிளம்பியிருந்தா இருந்திருப்பான். கிளம்பப்போறோம்னு ஆனப்புறம் செத்தவன், எதுக்காகச் செத்தான் பாப்பா?"

என்னிடம் பதில் இல்லை. 2021-ல் அமெரிக்கப் படை ஆப்கானிஸ்தானை விட்டுக் கிளம்பியதும் ஞாபகம் வந்தது. ட்ரம்ப் ஒப்பந்தம் போட்டார்; தேர்தலில் ஜெயித்த பைடன் தேதியைத் தள்ளிவைத்தார். கடைசி வாரத்தில் காபூல் விமான நிலையக் குண்டுவெடிப்பில் 13 அமெரிக்க வீரர்களும், ஏராளமான ஆப்கானியர்களும் இறந்தார்கள்.

"அப்போ ஓட்டு அரசியல்தான் தப்பா பெரியப்பா?"

"அப்படிச் சொல்லாத. அந்த ஓட்டு இல்லாட்டி எங்களை யாரு திருப்பிக் கூப்பிட்டிருப்பா? ஓட்டுக்கு நாள் பார்க்குறவங்க, எங்க உசுருக்கும் நாள் பார்த்திருக்கலாம். அவ்வளவுதான்."

கார்டில் ஒரு வரி சேர்த்தேன்: 'இந்தப் பணியில் உயிரிழந்த இந்திய வீரர்கள் சுமார் 1,200 பேர்.' வாட்ஸ்அப்பில் பெரியப்பாவுக்கும் அனுப்பினேன்.

ராத்திரி அவரே கூப்பிட்டார். "சுமார்னு போட்டிருக்கியே பாப்பா... அவனையும் எண்ணியிருப்பாங்கல்ல?"