பெட்டிக்குள் கிடந்த நூல்

"பிறகு பார்ப்போம்" என்று எடுத்து வைத்த பொருள் ஏதும் உங்கள் அலுமாரியில் உண்டா? என்னிடம் ஒரு பெட்டி நிறையக் கம்பளி நூல் இருந்தது.

எங்கள் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலுள்ள ஊர். ஜனவரி மாத ஸுபஹில் வுழூச் செய்த கால்கள் விறைத்துப் போகும். காலுறை பின்ன உம்மாதான் எனக்குக் கற்றுத் தந்தார். ஒரு சோடிக்கு 100 கிராம் நூல் போதும். குதிக்காலைத் திருப்பும் இடத்தில்தான் கவனம் வேண்டும். இக்கலை நம் சமூகத்துக்குப் புதியதுமல்ல. 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையான முஸ்லிம் எகிப்தில் பின்னப்பட்ட நீல, வெள்ளைப் பருத்திக் காலுறைகள் இன்றும் நூதனசாலைகளில் உள்ளன.

நிறம் அழகு, விலை மலிவு என்று வாங்கிச் சேர்த்தேன்; பின்னியதோ குறைவு. மென்மையான சாம்பல் நிற நூலை உம்மாவுக்கென ஒதுக்கினேன். "பெருநாளைக்குப் பின்னித் தாறேன் உம்மா" என்பேன். இரண்டு பெருநாட்கள் கழிந்தன. மூன்றாவதற்கு உம்மா இருக்கவில்லை.

பெட்டியைத் திறந்தபோது பாதியைப் பூச்சி அரித்திருந்தது. உறுதியாக நூற்றதைப் பிரித்துப் போட்ட பெண்ணை ஸூரா அந்நஹ்லின் 92ஆம் வசனம் உவமை கூறுகிறது. நானோ பின்னத் தொடங்கவே இல்லை.

எஞ்சிய நூலில் ஆறு சோடி பின்னி, அயலிலுள்ள முதியோருக்குக் கொடுத்தேன். சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் குளிரில் விறைக்கும் கால்கள் இருக்கலாம். இன்றிரவே ஊசியை எடுங்கள். என் உம்மாவுக்காகவும் துஆச் செய்யுங்கள்.